பக்கத்து வீட்டு ஹொக்கியென் பேச்சு சீனப்பள்ளிக்குப் போதுமா?

கேள்வி: நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் பேசுவோம். இருவரும் வேலைக்குப் போவதால் பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டிதான் கைக்குழந்தையிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்கிறார். அவரோடு சீனத்தில் சரளமாகப் பேசுகிறான். அதனால் சீனப்பள்ளியில் போடலாம் என்று நினைக்கிறோம். அவன் போகும் பாலர் பள்ளியில் வாரம் இரண்டு மணி நேர 'குளோபல் மாண்டரின் இமர்ஷன்' வகுப்புக்கு மாதம் 280 வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகக் கேட்கிறார்கள். டியூஷன் மையம் நடத்தும் ஒருவர், பேர்போன சீனப்பள்ளியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி 3,000 வெள்ளி 'நன்கொடை' கேட்கிறார். மாமியார் தமிழ்ப்பள்ளிதான் என்று நிற்கிறார். தமிழ் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: அம்மா, முதலில் அந்த 3,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சீனப்பள்ளிகளில் 22 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். பதிவு நேரம் வந்தால் பள்ளி வாசலில் இந்த ஆட்களும் வந்துவிடுவார்கள். இவர்கள் செய்வது ஒன்றுமில்லை. எல்லாரையும் போல உங்கள் பிள்ளையின் பெயரையும் பதிய வைப்பார்கள். இடம் கிடைத்தால் தன்னால் கிடைத்தது என்பார்கள். கிடைக்காவிட்டால் பழி கல்வி அமைச்சின் மேல் விழும், பணம் 'அடுத்த மாதம்' வரும். 2003 முதல் இந்த நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். முதலாம் ஆண்டு இடத்தை விற்க எந்த ஏஜெண்டுக்கும் உரிமை கிடையாது. சீனப்பள்ளி வாரியங்கள் கட்டட நிதி திரட்டுவது உண்மைதான், அந்தச் சமூகம் தன் பள்ளிகளை அப்படித்தான் காப்பாற்றி வந்திருக்கிறது. ஆனால் அது வாரியத்தின் பெயரில், ரசீதோடு, விரும்பியவர் கொடுப்பது. டியூஷன்காரர் கையில் கொடுப்பதற்குப் பெயர் வேறு.

சரி, இப்போது அந்த 'இமர்ஷன்' என்ற சொல். பிள்ளையை ஒரு மொழியிலேயே முழுக்கி எடுத்துக் கற்றுத்தருவது என்று பொருள். பாலர் பள்ளி பேனரில் பூமி உருண்டையைச் சுற்றிப் பல நிறத்துப் பிள்ளைகள் கைகோத்து நிற்கும் படத்தோடு வரும். 1965-இல் கனடாவின் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் நடத்தக் கேட்டு வாங்கினார்கள். பேர்பெற்ற இமர்ஷன் முறை அங்கிருந்து வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2009 முதல் அரசுப் பள்ளிகளிலேயே இப்படிச் சீனம் நடக்கிறது. பாதி நாள் ஓர் ஆசிரியர் மாண்டரினில், மீதி நாள் இன்னொருவர் ஆங்கிலத்தில். இந்த இரண்டு இடத்திலும் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் அந்த மொழி தெரியாமல் வருகிறவர்கள். ஆசிரியருக்கு அது தெரியும். படம் காட்டி, நடித்துக் காட்டி, மெதுவாகப் பேசித்தான் தொடங்குவார்.

நம் சீனப்பள்ளி அப்படியல்ல. வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் சீனப் பிள்ளைகள், ஆசிரியர் அவர்கள் வேகத்தில்தான் போவார். நீச்சல் கற்றுத்தரும் குளம் வேறு, நீந்தத் தெரிந்தவர்கள் போட்டி போடும் குளம் வேறு. சீனப்பள்ளி மாணவர்களில் இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சீனர் அல்லாதவர். ஆனாலும் பாடத்திட்டம் இன்னும் மாண்டரின் பேசும் வீட்டுப் பிள்ளையை நினைத்தே எழுதப்படுகிறது. பின்தங்கும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று கூட்டங்களில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 'டியூஷனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்' என்பதுதான் எப்போதும் பதில். டியூஷன் மையங்கள் ஏன் பெருகாது?

இப்போது உங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு வருவோம், உங்கள் கணக்கே அவரை நம்பித்தான் நிற்கிறது. கிள்ளானில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் சீனக் குடும்பங்களில் பேசுவது பெரும்பாலும் ஹொக்கியென். உங்கள் மகன் பேசும் 'சீனமும்' அநேகமாக அதுதான். கோலாலம்பூர், ஈப்போ பக்கம் போனால் கண்டனீஸ். பள்ளியில் சொல்லித்தருவது மாண்டரின். வெளியிலிருந்து கேட்கும் நமக்கு எல்லாம் 'சீனம்'தான். ஆனால் சோறு சாப்பிடு என்பது ஹொக்கியெனில் 'சியா ப்ங்', மாண்டரினில் 'ச்சு ஃபான்'. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதுகூட ஒத்துப்போகாது. நம் ஊரில் மலையாளமும் தெலுங்கும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்ததைப் பார்த்திருப்பீர்கள். காது பழகியிருக்கும், சில சொற்கள் கைகொடுக்கும். ஆனாலும் அ, ஆ அவர்களுக்குப் புதிது, பாடத்துத் தமிழும் புதிது. உங்கள் மகன் நிலை அதைவிடக் கொஞ்சம் கடினம். எழுத்தைக் கூட்டி வாசித்தால் சொல் வரும் என்ற வசதி சீனத்தில் இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் கோடு கோடாக, எந்தக் கோடு முதலில் என்ற வரிசையோடு, மனத்தில் பதிக்க வேண்டும்.

அதற்காக ஹொக்கியென் வீண் என்று சொல்லவில்லை. ஏற்ற இறக்கத்தைப் பிரித்துக் கேட்கும் காது அவனுக்கு வந்துவிட்டது, அது பெரிய சொத்து. மாண்டரினில் வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'. குரல் தாழ்ந்து எழுந்தால் வாங்குவது, சட்டென்று இறங்கினால் விற்பது. (டியூஷன் மையம் நடத்துகிறவர்கள் இந்த வித்தியாசத்தில் தேறியவர்கள்.) இந்த மாதிரி நுணுக்கத்தில் உங்கள் மகன் தடுமாற மாட்டான். முதலாம் ஆண்டில் பாட்டு, கதை, விளையாட்டு என்று நன்றாகவே போவான். நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள்.

சிக்கல் மூன்றாம், நான்காம் ஆண்டில் வரும். அதுவும் சீனப் பாடத்தில் இல்லை, கணக்கில் வரும். சீனப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் மாண்டரினில்தான். 'மிங்கிடம் 12 மிட்டாய். அது ஹுவாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். ஹுவாவிடம் எத்தனை?' பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு என்று தமிழில் கேட்டால் சொல்லிவிடும் பிள்ளை, 'அதிகம்' என்ற அந்த ஓர் எழுத்தை மட்டும் அடையாளம் கண்டு கூட்டி, 17 என்று எழுதிவிடுவான். கணக்கில் மக்கு என்று பெயர் விழும். உண்மையில் அவனுக்குக் கணக்கு தெரியும், வாக்கியம்தான் புரியவில்லை. விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஓரிரு ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்று ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் எப்போதோ சொல்லிவிட்டார். தொடக்கப்பள்ளியே ஆறு ஆண்டுதான்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மாண்டரின் கற்றுத்தர வகுப்பறையில் மட்டும் சுமார் 2,200 மணி நேரம் ஒதுக்குகிறது. அவர்கள் பெரியவர்கள், நம் பிள்ளைக்கு அதே கணக்கு பொருந்தாது. இருந்தாலும் பாலர் பள்ளிக்காரர் தரும் வாரம் இரண்டு மணி நேர 'இமர்ஷன்' அந்த அளவை எட்ட இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். பாட்டும் வண்ணக் காகிதமும் நன்றாகத்தான் இருக்கும். அதை இமர்ஷன் என்று சொல்வது தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் குளிப்பாட்டியதாகச் சொல்வது போல.

ஆகவே, பையன் கெட்டிக்காரனா என்பதைவிட, இரவு எட்டு மணிக்கு அவன் புத்தகப்பையைத் திறந்து உட்காரப்போவது யார் என்பதுதான் முக்கியம். சொல்வதெழுதுதல் அடிக்கடி இருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புகள் சீனத்தில் வரும். கைப்பேசி மொழிபெயர்த்துத் தரும், ஆனால் எழுத்தின் கோடு தப்பாகப் போனதை அது பக்கத்தில் உட்கார்ந்து திருத்தாது. என் பள்ளிகளில் நன்றாகத் தேறிய தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில், அப்பாவோ அம்மாவோ அக்காவோ யாராவது ஒருவர் கூடவே உட்கார்ந்து படித்திருந்தார்கள்.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள். பேச்சு போகாது, மாமியார் இருக்கிறார். எழுத்துதான் போகும். மலாய் வழியில் நடக்கும் தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு வைக்க வேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் சொல்கிறது. சீனப்பள்ளியில் அந்த வாய்ப்பை எதிர்பார்க்காதீர்கள். இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம், ஆனால் ஆறு ஆண்டு தமிழ் எழுதாமல் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறவன் எதை வைத்து எடுப்பான்? அதேபோல, 'சரிவராவிட்டால் நான்காம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி மாறி வந்து, இரண்டு எழுத்திலும் கால் ஊன்றாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சீனப்பள்ளி என்று முடிவெடுத்தால், முதல் நாளிலிருந்தே வாரக் கடைசியில் தமிழ் எழுதப் படிக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

உங்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். பிள்ளைக்கு இல்லை, உங்கள் இருவருக்கும். இன்றிலிருந்து தினமும் 20 நிமிடம், உங்களில் ஒருவர் அவனோடு உட்கார்ந்து பின்யின் படியுங்கள். ரோமன் எழுத்தில் மாண்டரின் உச்சரிப்பைக் காட்டும் முறை அது, புத்தகக் கடையில் பாலர் பயிற்சிநூலே போதும். இரண்டு மாதம் விடாமல் செய்ய முடிந்தால் சீனப்பள்ளியில் தைரியமாகப் போடுங்கள். வேலை அலுப்பில் மூன்றாவது வாரமே நின்றுபோனால் மாமியார் சொல்வதைக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியிலும் மலாய், ஆங்கிலம் இரண்டும் உண்டு, மாண்டரினைப் பேச்சளவில் வெளியே கற்றுக்கொள்ளலாம். 'உலகக் குடிமகன்' ஆவதற்கு ஆறு வயதில் ஒரே ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது என்பது பேனர் அடிக்கிறவர் சொல்லும் கதை.

அந்த 280 வெள்ளியையும் மிச்சம் பிடிக்கலாம். ஆன்ட்டி எங்கே படித்தார் என்று இன்றைக்கே கேளுங்கள். அவர் சீனப்பள்ளியில் படித்தவராக இருந்தால் வீட்டில் ஹொக்கியென் பேசினாலும் மாண்டரின் தெரிந்திருக்கும், எழுதவும் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் அவனோடு மாண்டரினில் மட்டும் பேசச் சொல்லுங்கள். பாலர் பள்ளிக்குக் கட்டுவதில் பாதியை அவருக்குக் கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான்.