ஹார்மோன் மாத்திரை: காலையிலா, ராத்திரியிலா?

மேலூர் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியுமுன்னே பூப்பறிக்கப் போய்விடுவேன். மார்பகப் புற்றுநோய்க்கான டாமோக்சிபென் என்ற ஹார்மோன் மாத்திரையைக் காலையில் போடச் சொல்லியிருக்கிறார்கள். வேலை நெருக்கடியில் மறந்துவிடுகிறது. ராத்திரிக்கு மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். இந்த மருந்து உடம்பைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே 5 முதல் 7 நாள் ஆகும். தினமும் போட்டு வந்தால் சுமார் 4 வாரத்தில் ஒரு நிலையான அளவு நின்றுவிடும். அப்புறம் காலை எட்டா, ராத்திரி எட்டா என்பது மருந்துக்கு ஒரு பொருட்டே இல்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் அப்படித்தான். வயிற்றைப் புரட்டினால் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். மாற்றுகிற நாளில் காலை மாத்திரையை விட்டுவிட்டு ராத்திரி ஆரம்பியுங்கள், ஒரே நாளில் இரண்டு வேண்டாம். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ராத்திரிக்கு மாற்றிய பிறகு வேர்த்துக்கொட்டித் தூக்கம் கெட்டால், திரும்பக் காலைக்கே வந்துவிடலாம். நேரம் மாற்றியதில் சிலருக்குச் சுகம் தெரிகிறது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க தல்லாகுளத்தில் அக்கா வீட்டில் தங்கினேன். அதே நோய்க்குப் போடுகிற லெட்ரோசோல் மாத்திரையை ஊரிலேயே விட்டுவிட்டேன். மூன்று நாள் போச்சு. சேர்த்துப் போட்டுவிடவா?

வேண்டாம். விட்டது விட்டதுதான், இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று வழக்கம்போலத் தொடருங்கள். மூன்று நாளில் குடி முழுகிவிடாது. அன்றைக்கே ஞாபகம் வந்தால் எந்த நேரமானாலும் போடலாம். மறுநாள்தான் வந்தது என்றால் அந்த நாளுக்கான ஒன்று மட்டும். மதுரைக்குள் மருந்துக்கடைக்கா பஞ்சம்? மருந்துச் சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லெட்ரோசோல் ஆரம்பித்ததிலிருந்து காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொள்கிறது. நேரத்தை மாற்றினால் சரியாகுமா? நிறுத்திவிடலாம் போலிருக்கிறது. (உசிலம்பட்டி)

நேரத்தை மாற்றிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த மருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அடியோடு குறைக்கிறது. மூட்டுப் பிடிப்பு அதனால்தான். சும்மா உட்கார்ந்தால் கூடும், நடந்தால் தளரும். தினமும் அரை மணி நேர நடையும், கை கால்களுக்குக் கொஞ்சம் பளுப் பயிற்சியும் நன்றாகவே கைகொடுக்கும். வைட்டமின் டி அளவையும் எலும்பின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவதுதான் எனக்குக் கவலை. டாக்டர் திட்டுவாரோ என்று மாசக்கணக்கில் மாத்திரையைத் தொடாமல், வரும்போது மட்டும் "போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பவர்கள் உண்டு. வலி தாங்கவில்லை என்று வாயைத் திறந்து சொன்னால் வழி இருக்கிறது. சில வாரம் இடைவெளி விட்டு அதே வகை மாத்திரைகளான அனஸ்ட்ரோசோலுக்கோ எக்ஸிமெஸ்டேனுக்கோ மாற்றலாம், டாமோக்சிபெனுக்கும் போகலாம். 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம்கூடப் போட வேண்டியது. ஒத்துப்போகிற மாத்திரையைத் தேடிப்பிடிப்பதில் தப்பே இல்லை.

தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா?

தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தனியாக. ஹார்மோன் மாத்திரையை ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள், குழப்பமே வராது. கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

ரமலானில் எக்ஸிமெஸ்டேன் எப்போது போடுவது?

நோன்பு திறந்து, வயிறாரச் சாப்பிட்ட பிறகு. இந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் சாப்பாடு முக்கியம். வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது.

டாமோக்சிபெனோடு, மனச்சோர்வுக்கு வேறு டாக்டர் ஒரு மாத்திரை தந்திருக்கிறார். ஒன்றைக் காலையிலும் மற்றதை ராத்திரியிலும் போட்டால் போதுமா?

போதாது. பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் இரண்டும், டாமோக்சிபெனைக் கல்லீரல் செயல்படும் மருந்தாக மாற்றுவதையே தடுப்பவை. எத்தனை மணி நேரம் தள்ளிப் போட்டாலும் அது மாறாது. அட்டையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், அட்டையோடு இரண்டு டாக்டர்களிடமும் காட்டுங்கள். வென்லாஃபாக்ஸின் போல இடைஞ்சல் செய்யாத மாத்திரைகள் இருக்கின்றன. வேர்த்துக்கொட்டுவதையும் அது ஓரளவு குறைக்கும்.