கப்பல் புகையை எங்கே தேடுவது?

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். கப்பல் எரிபொருளுக்கு 2020இல் வந்த கந்தகக் கட்டுப்பாட்டால் காற்று தெளிந்ததா என்று மாணவர்கள் செயற்கைக்கோள் தரவில் பார்த்தார்கள். சென்னைத் துறைமுகத்தின் மேல் நைட்ரஜன் டைஆக்சைடு 2019ஐவிட 2021இல் கூடியதாகக் காட்டுகிறது. எங்கே பிசகியது?

க., தருமபுரி

அன்புள்ள க.,

வாயு, இடம் இரண்டுமே பொருந்தவில்லை. கட்டுப்பாடு கந்தகத்தை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக்கியது. நைட்ரஜன் ஆக்சைடோ பெரும்பாலும் எஞ்சின் சூட்டில் காற்றின் நைட்ரஜனிலிருந்தே உண்டாகிறது. எண்ணெயில் கந்தகம் குறைந்தால் அது குறையாது. சல்பர் டைஆக்சைடைப் பார்க்கலாமே என்றால், கடல்மட்டத்தை ஒட்டி அதன் புறஊதாத் தடயம் மிக மெலிது. வரைபடத்தில் காணோம் என்பதற்காகக் குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

சென்னையில் நகர வாகனங்களும் எண்ணூர் அனல்மின் நிலையங்களும் கப்பலை மறைத்துவிடும். இந்த வாயுக்களை அளக்கும் செயற்கைக்கோள் கருவியான ட்ரோபோமியின் ஒரு பிக்சல் சுமார் 5.5க்கு 3.5 கிலோமீட்டர், தொப்பூர் கணவாயில் எது லாரிப் புகை, எது கார்ப் புகை என்று அதனிடம் கேட்க முடியுமா?

கந்தகத்தை அல்ல, கப்பல் புகையைத்தான் பார்க்க வேண்டுமானால் இலங்கையின் தெற்கு முனையிலிருந்து சுமத்ராவின் வடமுனை வரை போங்கள். கப்பல்கள் அங்கே ஏறக்குறைய 6 பாகை வட அட்சத்தில் ஒரே கோடாகச் செல்கின்றன, சுற்றிலும் சுத்தமான கடல். கிழக்குத் தீர்க்கம் 84 முதல் 92 வரை எடுத்து, தரக்குறியீடு (அளவீடு எவ்வளவு நம்பகம் என்று சொல்லும் எண்) 0.75க்கு மேல் உள்ள பிக்சல்களை மட்டும் வைத்து, ஜனவரி முதல் மார்ச் வரை நைட்ரஜன் டைஆக்சைடின் சராசரி போடுங்கள். பிறகு 0.1 பாகைக்கு ஒரு பட்டையாக அட்சவாரியாக வரைந்தால் நடுவில் ஒரு மேடு எழும். 3–4, 8–9 பாகைப் பட்டைகளை நேர்கோட்டால் இணைத்து அதைக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கப்பல்களுடையது. வடகிழக்குப் பருவக்காற்றில் மேடு கோட்டுக்குத் தெற்கே சரியும், தென்மேற்கில் வடக்கே. ஆனால் அப்போது மேகம் அதிகம், பிக்சல்கள் குறையும்.

மாணவர்கள் எதிர்மறை மதிப்புகளை 'பிழை' என்று அழித்துவிடுவார்கள், தடுங்கள். சுத்தமான கடலில் இரைச்சல் பூஜ்யத்தின் இருபுறமும் விழும். ஒரு பக்கத்தை வெட்டினால் சராசரி பொய்யாக ஏறும்.

2021இல் கூடியதற்குத் தரவுப் பதிப்பும், அதாவது அளவுகளைக் கணிக்கும் மென்பொருள் மாறியதும், காரணமாகலாம். 2020 கடைசியில் மேகக் கணக்கீடு மாறியதும் அளவுகள் உயர்ந்தன. ஆண்டுகளை ஒப்பிட, தொடக்கம் முதல் ஒரே பதிப்பில் மறுசெயலாக்கம் செய்யப்பட்ட கோப்புகளையே ஐரோப்பியச் செயற்கைக்கோள் தரவுக்கான கோப்பர்நிக்கஸ் தளத்திலிருந்து இறக்குங்கள்.