பாக்கெட்டுல 1,900 மீட்டர்னு போட்டிருக்கு, ஆனா பால் காபிக்கு புளிக்குதே?

சேலத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காங்க. எப்பவும் கடையில பிளான்டேஷன் ஏ-ங்கிற காபிக்கொட்டையை வறுத்து அரைச்சு வாங்குறவங்க, இந்த தடவை 1,900 மீட்டர் உயரத்துல விளைஞ்ச எத்தியோப்பியா காபி ஒண்ணு, 1,200 மீட்டர்ல விளைஞ்ச சிக்மகளூர் எஸ்.795 ரகம் ஒண்ணுனு ரெண்டு பாக்கெட் வாங்கியிருக்காங்க. ரெண்டும் அராபிகாங்கிற காபி இனம்தான், ஆனா எத்தியோப்பியா டிகாஷன்ல பால் ஊத்தினா புளிக்குது, விலை வேற ஜாஸ்தி. உயரம் பார்த்து வாங்கணுமா ரகம் பார்த்து வாங்கணுமான்னு கேள்வி.

உங்க காபி கெட்டுப்போகலங்க. அந்த புளிப்புதான் அதோட குணமே.

உயரம்னு போடுறது உண்மையில குளிரைச் சொல்றதுக்குத்தான். 100 மீட்டர் ஏறினா சுமார் 0.6 டிகிரி குறையும், குளிர்ல பழம் நிதானமா பழுக்கும், கொட்டை கெட்டியா விளையும், எலுமிச்சை மாதிரி புளிப்பும் பூ வாசனையும் நல்லா நிக்கும். ஆனா மீட்டர் கணக்கை மட்டும் வச்சு ரெண்டு ஊரை ஒப்பிடாதீங்க, ஏன்னா பூமத்திய ரேகையை விட்டு தள்ளிப் போகப் போக கம்மி உயரத்துலயே அந்த குளிர் வந்துடும், ஹவாயோட கோனா காபி 1,000 மீட்டருக்கு கீழயே விளையுது, அதுக்கு பேர் இல்லையா என்ன. நம்ம பக்கம் நிழல் மரமும் இந்த வேலையை கொஞ்சம் செய்யுது, ஏற்காட்டுல சில்வர் ஓக்ல மிளகுக்கொடி ஏத்தி அதுக்கு கீழ காபி வைக்கிறது சும்மா இல்ல.

சரி, ரகம்? எந்த மாதிரி ருசி வரலாம்னு அது ஒரு எல்லை போடுது, அந்த எல்லை வரைக்கும் போறது இடத்தோட கையில. இதுக்கு கெய்ஷாங்கிற அராபிகா ரகத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. எத்தியோப்பியாவுல இருந்து கிளம்பி தான்சானியா, கோஸ்டாரிகா வழியா 1960கள்லயே பனாமா வந்துடுச்சு, ஆனா ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல. அங்க பொக்கேத்தே ஊர் பக்கம் எஸ்மெரால்டா காபி தோட்டத்துல உயரத்துல நின்ன மரங்களோட பழத்தை தனியா பிரிச்சு 2004ல போட்டிக்கு அனுப்பினாங்க, மல்லிகை வாசனை அடிக்குதுன்னு உலகமே திரும்பிப் பார்த்துச்சு.

உங்க எஸ்.795 அப்படி இல்ல. கென்ட் ரகத்தையும் எஸ்.288ஐயும் சேர்த்து நம்ம நாட்டுலயே உருவாக்கினது, எஸ்.288ல லைபீரிகாங்கிற வேற காபி இனத்தோட ரத்தமும் இருக்கு. புளிப்பு அடக்கமா, நல்ல கனமா வரும், பாலுக்கு இதுதான் சரின்னு அடிச்சு சொல்வேன்.

இன்னொண்ணு, பிளான்டேஷன் ஏங்கிறது ரகம் கிடையாது. தோல் உரிச்சு கழுவிக் காயவச்ச அராபிகா, ஏங்கிறது கொட்டையோட சைஸ், அவ்ளோதான். பழமாவே காயவச்சா செர்ரி. அதனால ஏ வாங்கினா ருசி கூடும்னு நினைக்காதீங்க, எந்த எஸ்டேட், எப்ப வறுத்ததுன்னு கேளுங்க.

பில்டர் காபிக்கு கழுவின எஸ்.795, மீடியத்தை விட ஒரு படி கூட வறுத்தது, போதும். திக்கா வேணும்னா நாலுல ஒரு பங்கு ரொபஸ்டா பார்ச்மெண்ட், அதாவது கழுவிக் காயவச்ச ரொபஸ்டா இன காபி, சேருங்க. எத்தியோப்பியாவை தூக்கிப் போட்டுடாதீங்க, சிக்கரியும் பாலும் இல்லாம, கொஞ்சம் கொரகொரன்னு அரைச்சு, டிகாஷனை வெந்நீர்ல விளாவி, சூடு லேசா ஆறினதும் குடிச்சுப் பாருங்க.