கூத்தும் தப்பு மேளமும் சேமலாப நிதியும்: கேள்வி பதில்

தொழிற்சங்க அலுவலகம் ஒன்றில் இருபது வருடம் சேமலாப நிதிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். ஆட்டத்துக்கும் மேளத்துக்கும் கலைஞர்கள் கூலி கேட்க வேண்டும் என்று சொல்லி வருகிறேன். அதைப் பற்றி மலையகக் கலைஞர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

நுவரெலியா: ஹோட்டலில் மூன்று வருடமாகத் தினமும் கீபோர்ட் வாசிக்கிறேன். கலைஞருக்கு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை என்கிறார்கள்.

தவறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் கீபோர்டா, சமையலா என்று பார்ப்பதில்லை. நேரம் குறித்து, சம்பளம் பேசி, அவர்கள் சொன்னபடி வாசிக்க வைத்தால் நீங்கள் ஊழியர். தற்காலிகமாக எடுத்தவருக்கும் உரிமை உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம். இது போக, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். ஆனால் கையில் வாங்கிய காசுக்குச் சாட்சி இல்லை. இன்றிலிருந்தே கொப்பியில் திகதியோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

பொகவந்தலாவை: கல்யாண வீடுகளில் உறுமி வாசிக்கிறேன். எனக்கும் உண்டா?

ஒருநாள் அழைப்புக்கு இல்லை. நீங்கள் சுயதொழில் செய்பவர். சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இளம் வயதில் சேர்ந்தால் தவணை குறைவு.

பதுளை: கலைஞர்களுக்கு அரசின் அஸ்வெசும உதவிப் பணம் தருவார்களா?

அது தொழிலைப் பார்த்துத் தருவதில்லை, குடும்பத்தின் நிலையைப் பார்த்துத் தருவது.

மஸ்கெலியா: கலாபூஷணம் கிடைத்தால் பென்ஷன் வருமா?

அது கலைஞர்களுக்கு அரசு கொடுக்கும் விருது. பென்ஷன் வேறு.

தலவாக்கலை: ரதி, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நேர்த்திக்கடன். அதற்குக் காசு கேட்கச் சொல்லாதீர்கள், ஐயா.

மாசியில் உங்கள் தோட்டத்துப் பொட்டலில் ஆடுவதற்கு விலை பேசச் சொல்லவில்லை. அதே ரதியையும் மன்மதனையும் கொழும்பு மேடைக்குக் கூப்பிடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். பந்தல்காரருக்கும் சவுண்ட்காரருக்கும் பில் போட்டுப் பணம் போகிறது. ஆடியவருக்குப் பொன்னாடையும் சோற்றுப் பார்சலும். பயணத்துக்கும் ஒத்திகைக்கும் போன நாட்களில் தோட்டத்தில் அவருக்குப் பேர் விழவில்லை, அதாவது வேலை நாளாகப் பதியவில்லை, அந்தச் சம்பளமும் போனது. அதை யார் கொடுப்பது?

பண்டாரவளை: அவர் நேர்த்தி என்கிறார். என் அப்பா இழவு வீடுகளில் விடிய விடியத் தப்பு அடித்தார். சாராயத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

தம்பி, இதைப் படித்து மனம் கனத்துவிட்டது. சாதியைச் சொல்லி வாங்கிய வேலை அது. கூலியை முன்கூட்டியே பேசுங்கள், காசாகவே வாங்குங்கள்.

தலவாக்கலை (மறுபடியும்): காசு வந்தால் பிள்ளைகளுக்குப் பக்தி போய்விடும்.

பிள்ளைகள் கூத்தை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போனது காசு வந்தா, வராமலா? நீங்களே சொல்லுங்கள்.

ஹப்புத்தளை: எங்கள் ஆட்டத்தை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுச் சம்பாதிக்கிறார்கள்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஆற்றுகைக் கலைஞருக்கு உரிமை இருக்கிறது. பதிவு செய்ய உங்கள் அனுமதி வேண்டும். எழுத்தில் கொடுங்கள், பங்கையும் அதிலேயே எழுதுங்கள்.

இன்னும் நாலு பேர்: கலைஞர் பென்ஷன் படிவம் எங்கே?

பொகவந்தலாவைக்குச் சொன்னதைப் படியுங்கள். கொப்பி எழுதத் தொடங்கிவிட்டீர்களா?

கொட்டகலை: பாடசாலையில் கூத்துப் பழக்கக் கூப்பிடுகிறார்கள். எவ்வளவு கேட்கலாம்?

அன்றைக்குக் கொழுந்து எடுத்தால் வரும் சம்பளத்துக்குக் குறையாமல் கேளுங்கள், பஸ் காசு தனி. சரி என்றால் அதிபரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.