ஆஸ் வந்தாலே ஆடலாமா? போக்கர் போட்டிக்குப் போகும் வாசகருக்கு

கேள்வி: ஊரில் மூணு சீட்டும் ரம்மியும் ஆடிப் பழக்கம் உண்டு. அடுத்த மாதம் நண்பர்களோடு கோவா போகிறேன். அங்கே கப்பல் கசினோவில் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் போட்டியில் சேர ஆசை. தொடக்கத்தில் எந்தச் சீட்டு வந்தால் ஆடலாம், எதைக் கவிழ்க்கலாம்? எங்களை அழைத்துப் போகும் அண்ணாச்சி 169 கைகளுக்கும் ஒரு அட்டவணை விலைக்குத் தருகிறார். நுழைவுக் கட்டணத்தில் பாதியையும் அவரே போட்டு, பரிசில் பாதி எடுத்துக்கொள்வாராம். சரிதானா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அட்டவணைக்குக் காசு கொடுக்காதீர்கள். டெக்சாஸ் ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் வரும், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில் விழும். 52 சீட்டில் இரண்டிரண்டாக எடுத்தால் 1,326 சேர்க்கை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எண்ணினால் 169. இது யாருடைய ரகசியமும் இல்லை, இலவசமாகவே கிடைக்கிறது. மேசையில் உட்கார்ந்த பிறகு 169 கட்டமும் உங்கள் நினைவுக்கு வரப்போவதும் இல்லை.

முதலில் மூணு சீட்டுப் பழக்கத்தைக் கழற்றி வையுங்கள். அங்கே ரன்னுக்கு, அதாவது அடுத்தடுத்து வரும் சீட்டுக்கு, கீழேதான் கலர். போக்கரில் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேர்ந்தால் அது ரன்னை அடிக்கும். மூணு சீட்டில் மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் அதற்கு மேல் எதுவும் கிடையாது. போக்கரில் அது ரன்னுக்கும் கீழே. இது தெரியாமல் மொத்த சிப்ஸையும் தள்ளிவிட்டு, 'நான்தானே ஜெயிச்சேன்' என்று டீலரிடம் சண்டைக்கு நின்ற நம்மூர்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆஸ். ஆஸ் கையில் இருந்தால் விடக்கூடாது என்பது மூணு சீட்டுக்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. உங்களிடம் ஆஸ்-8, எதிரே ஆஸ்-ராஜா என்றால் நான்கில் ஒரு தடவைதான் உங்களுக்குச் சாதகம். அதைவிட மோசம், மேசையில் ஆஸ் விழுந்துவிட்டால் உங்களுக்குச் சீட்டைக் கவிழ்க்கவே மனம் வராது. 'இரண்டும் ஆர்ட்டின், கலர் அடிக்கும்' என்ற நினைப்பும் வேண்டாம். ஐந்து சீட்டும் விழுந்து முடிந்தபின் கலர் சேர்வது நூற்றுக்கு ஆறு தடவை போல.

தொடக்கத்தில் அவசரமே இல்லை. கையில் 20,000 சிப்ஸ், பிளைண்டு (சீட்டைப் பார்க்குமுன் இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் பந்தயம்) 100-200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முழுக்கச் சீட்டைக் கவிழ்த்தாலும் போவது 300. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசவேண்டிய மூன்று இருக்கைகளில் 8-8 முதல் மேலே உள்ள ஜோடி, ஆஸ்-ராஜா, ஆஸ்-ராணி போதும். நடு இருக்கைகளில் ஆஸ்-ஜாக், ராஜா-ராணி, ஒரே இனத்து ஆஸ்-10 ஆகியவற்றையும் சேர்க்கலாம். டீலர் பட்டன் (மேசையில் சீட்டு விழுந்தபின் கடைசியாகப் பேசும் இருக்கையைக் காட்டும் வட்டு) உங்கள் முன்னால் இருந்து, உங்களுக்கு முன் எல்லோரும் கவிழ்த்திருந்தால் எந்த ஜோடியும் ஆடலாம்; ஒரே இனத்து ஆஸ் எதுவானாலும், 9-8 போல அடுத்தடுத்து வரும் ஒரே இனச் சீட்டும் ஆடலாம். ஆடினால் சும்மா கால் செய்து (பெரிய பிளைண்டு அளவு மட்டும் போட்டு) நுழையாமல் பெரிய பிளைண்டைப் போல இரண்டரை மடங்கு ஏற்றுங்கள். உங்களுக்கு முன்பே ஒருவர் ஏற்றிவிட்டால் இந்தப் பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள்.

சின்ன ஜோடி மட்டும் தனிக் கதை. 2-2 முதல் 7-7 வரை என்று வையுங்கள். முதல் மூன்று சீட்டு விழும்போது உங்கள் ஜோடிக்கு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு சேர்வது எட்டுக்கு ஒரு தடவை நடக்கும், அதற்கும் சற்றுக் குறைவு. மற்ற ஏழு தடவையும் போட்டது போனதுதான். எனவே நடக்கும் அந்த ஒரு தடவை எதிராளியிடம் கறக்க நிறைய சிப்ஸ் இருக்க வேண்டும். 500 கொடுத்து உள்ளே போகிறீர்கள், இருவரிடமும் 20,000 இருக்கிறது: போகலாம். எதிராளியிடம் 4,000தான் இருக்கிறது: கவிழ்த்துவிடுங்கள், அவரை முழுதாக வாங்கினாலும் கணக்கு ஒட்டாது. கட்ட வேண்டிய தொகை, இருவரில் யாரிடம் குறைவோ அவருடைய சிப்ஸில் பதினைந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. உங்களுக்குப் பின்னால் அடிக்கடி மறுபடி ஏற்றுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதுவும் வேண்டாம். மூன்றாவது விழாவிட்டால் மறுபேச்சில்லாமல் கவிழ்க்க வேண்டும். அது முடியாது என்று தோன்றினால் சின்ன ஜோடியைத் தொடவே தொடாதீர்கள்.

இனி அண்ணாச்சி விஷயம். சீட்டைவிட இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பரிசு உங்கள் பெயரில் வரும், 30 சதவீத வரியும் உங்கள் பெயரில்தான் பிடிப்பார்கள். 2 லட்சம் ஜெயித்தால் 60,000 போய்விடும், கையில் 1,40,000. அண்ணாச்சி 'பேசினபடி பாதி' என்று ஒரு லட்சம் கேட்பார். மிச்சம் உங்களுக்கு 40,000. இந்த வரியில் தோற்ற பணத்தையோ ரயில், ரூம் செலவையோ கழிக்கவும் சட்டம் இடம் தரவில்லை. இப்படி ஒரு கணக்கை எந்த மகராசன் எழுதினானோ!

அண்ணாச்சி பயிற்சிக்கென்று 'கிளப்' ஆப் ஒன்றில் சேரச் சொல்வார், அல்லது குற்றாலத்தில் ரிசார்ட் எடுத்து 'ஒத்திகைப் போட்டி' வைப்பார். ஆப்பில் சிப்ஸ் விளையாட்டுக் காசு போலத் தெரியும். வாங்குவதும் விற்பதும் ஏஜெண்டின் ஜிபேயில். அங்கே இரண்டு மூன்று பேர் போனில் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஒரே மேசையில் ஆடுவார்கள். உங்களுக்குக் கிடைத்த சீட்டு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. யாரோ ஒருவர் புகார் கொடுத்தால் பணம் வந்த உங்கள் வங்கிக் கணக்கும் முடங்கலாம். ஏமாந்தவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் சொல்ல வேண்டியதுதான்.

நம் அரசாங்கங்களும் இதைச் சுலபமாக்கவில்லை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகம் 2022-இல் சட்டம் போட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025-இல் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனையையும் மூடியது. பெயர்ப்பலகை வைத்து நடத்தியவர்கள் கடையைக் கட்டினார்கள், பலகையே இல்லாத ஏஜெண்டுகளுக்கு அதனால் என்ன நஷ்டம்?

கோவா போக அண்ணாச்சி தேவையில்லை. நெல்லையிலிருந்து ஜாம்நகர் எக்ஸ்பிரஸ் மட்காவ் வழியாகத்தான் போகிறது. போட்டியில் சேரும் பணத்தைக் கசினோ கவுண்டரில் நீங்களே கட்டுங்கள். பான் கார்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ரசீதில் உங்கள் பெயரும் மேசை, இருக்கை எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.