மாதுளைப் பூ உதிர்வதற்குத் தேன்சிட்டா காரணம்?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் பகவா ரக மாதுளை வைத்திருக்கிறேன். செடிகளுக்கு மூன்று வயது. தை பிறந்ததிலிருந்து நன்றாகப் பூக்கிறது. கருநீலத்தில் மின்னும் சின்னக் குருவிகள் விடிந்ததும் ஜோடி ஜோடியாக வந்து பூவுக்குள் மூக்கை விடுகின்றன. செடியடியில் பூக்கள் கொட்டிக் கிடக்கின்றன. வலை கட்டலாமா, வெடி போடலாமா ஐயா?
— தேனி மாவட்ட விவசாயி

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் உதிர்ந்த பூக்களில் இருபதைப் பொறுக்கி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அடிப்பக்கம் மெலிந்து, மணிபோல இருந்தால் அது ஆண் பூ. உள்ளே சூல்தண்டு வளராமல், மகரந்தப் பைகளுக்குக் கீழேயே குட்டையாக நின்றிருக்கும். அதைக் கட்டிக் காத்தாலும் காய்க்காது, உதிரத்தான் செய்யும். மாதுளையில் பாதிப் பூக்கள், சில நேரம் அதற்கு மேலும், இப்படி வருவது சகஜம். அடி பருத்து, சொம்புபோல இருப்பதுதான் பிஞ்சு பிடிக்கும் பூ. உதிர்ந்தவற்றில் சொம்புப் பூக்கள் நிறைய இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

நீங்கள் பார்த்தது ஊதாத் தேன்சிட்டு. மின்னுவது ஆண், பெண்ணுக்கு முதுகு பழுப்பு, வயிறு மஞ்சள். பத்து கிராம்கூடத் தேறாத பறவை அது. நீண்ட குழல் பூக்களில் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடும் பழக்கம் தேன்சிட்டுகளுக்கு உண்டு என்பது உண்மைதான். மாதுளைப் பூவுக்கு வாய் அகலம், அடித்தோல் கெட்டி. அதனால் மேல்வழியாகவே அலகை விடும். பூவிலிருந்து தலையை எடுக்கும்போது கவனியுங்கள். நெற்றியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அந்த மகரந்தம்தான் அடுத்த பூவுக்குப் போகிறது. தேனீக்கள் செய்யும் வேலையில் இதுவும் ஒரு கை கொடுக்கிறது. அதோடு, குஞ்சுகளுக்குத் தேன் போதாது என்பதால் பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்து ஊட்டும். கூலி கேட்காத ஆள். பூவையும் மொட்டையும் கடித்துப் போடுவது கிளியும் அணிலும்தான். பழி இதன்மேல் விழுகிறது.

சொம்புப் பூக்களும் உதிர்ந்தால் தண்ணீரைப் பாருங்கள். பூ வரவைக்கத் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயவிட்டபின் ஒரேயடியாகப் பாய்ச்சினால் பூ கொட்டும். சொட்டுநீரை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அடுத்தது இலைப்பேன். வெள்ளைத்தாளின் மேல் பூவைத் தட்டினால் நூல் துண்டுபோல மெல்லிய பூச்சிகள் ஊர்வது தெரியும். இருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம், வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். பூத்திருக்கும்போது இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகளைத் தொடாதீர்கள். அவை தேனிலும் இறங்கும்.

வலையைப் பொறுத்தவரை, இந்தப் பறவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சிக்கிச் செத்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கிளை நுனியில் குப்பை தொங்குவதுபோல ஏதாவது கண்டால் பிய்த்தெறியாதீர்கள். சிலந்தி வலையால் புல்லையும் பட்டைத் துணுக்குகளையும் புழுவின் எச்சத்தையும் ஒட்டிக் கட்டிய கூடு அது. பக்கவாட்டில் ஒரு வாசல் இருக்கும், உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டை. குஞ்சு பறக்க ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்த ஒரு கிளையை மட்டும் கவாத்து செய்யாமல் (வெட்டாமல்) விட்டுவையுங்கள்.