கல்யாணத் தேதியை மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

வாசகி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: “2022 ஆவணியில் எங்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம். கணவர் எனக்கு அத்தை மகன். பதிவு செய்யவில்லை. 2023-இல் குழந்தை பிறந்தது. இப்போது தாம்பரத்தில் குடியிருக்கிறோம். அவருக்குத் துபாயில் வேலை. என்னையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ளத் திருமணச் சான்றிதழ் கேட்கிறார்கள். மூன்று வார லீவில் வருகிறார். 150 நாள் தாண்டிவிட்டதால் பழைய தேதியில் பதிவாகாது, போன மாதம் கல்யாணம் நடந்ததாகப் போட்டு முடித்துத் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் 15,000 கேட்கிறார். இல்லாவிட்டால் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்தான் வழி என்கிறார். எதைச் செய்வது?”

இரண்டையும் செய்யாதீர்கள். முதல் யோசனை பொய். இரண்டாவது யோசனையான ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட், எந்த மதத்தவரும் திருமணம் பதிந்துகொள்ளும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அது உங்கள் விஷயத்தில் வேலைக்கே ஆகாது.

பயம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். சட்டம் வந்தபோது வைத்த கட்டணம் 100 ரூபாய், தாமதமானால் 150. அந்த 150 நாள் முடிந்ததும் பல அலுவலகங்களில் “காலாவதி ஆயிடுச்சும்மா” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுகிறார்கள். கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டு, தாமதமாக வருகிறவருக்குக் கதவைச் சாத்தினால் அவர் எங்கே போவார்? வாசலில் நிற்கும் புரோக்கரிடம்தான் போவார்.

காலாவதியானது அந்த ஒரு சட்டத்தின் கெடு மட்டுமே. உங்கள் கல்யாணம் காலாவதியாகவில்லை. நீங்கள் இருவரும் இந்துக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதியலாம். அந்தப் பிரிவில் இத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று எந்தக் கெடுவும் இல்லை. பதியாமல் விட்டதால் திருமணம் செல்லாமல் போகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே 2022 ஆவணியில் எந்தத் தேதியில் தாலி கட்டினாரோ, அந்தத் தேதியிலேயே சான்றிதழ் வாங்கலாம்.

இனி அந்தப் பொய்த் தேதி. அதைச் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். புரோக்கர் ஒரு கோயில் ரசீது ஏற்பாடு செய்வார், புதுப் பத்திரிகை அச்சடிப்பார், மாலை மாற்றி ஒரு போட்டோ எடுப்பார். சான்றிதழ் கையில் வரும். அதில் திருமணத் தேதி போன மாதம். உங்கள் குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலோ 2023. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற விசா அதிகாரி முதலில் கேட்கப்போவதே இதைத்தான். கணவரின் கம்பெனி ஆவணத்திலும் இன்சூரன்ஸிலும் பழைய தேதி எங்கேயாவது எழுதியிருக்கும். அவர் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் மனைவி என்று ஏற்கெனவே ஏறியிருந்தால் இன்னும் சிக்கல். நாளைக்குச் சொத்து, பென்ஷன் என்று எது வந்தாலும் இந்த முரண்பாடு கூடவே வரும். பொய்யான விவரத்தில் கையெழுத்துப் போடுவது குற்றம். போடுகிறவர்கள் நீங்கள் இருவர். புரோக்கரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. 15,000 வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார், பிறகு தேதியைத் திருத்தக் கோர்ட்டுப் படி ஏறப்போவது நீங்கள்தான்.

கல்யாணமே நடக்காமல் விசாவுக்காக முன்கூட்டியே பதிகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் பதிவு என்பது நடந்த திருமணத்துக்கு அத்தாட்சி மட்டுமே, சடங்கே நடக்காமல் வாங்கிய சான்றிதழ் திருமணமாகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சடங்கு என்றால் அக்னி வலம் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணம் அதே சட்டத்தின் 7-அ பிரிவின்படி செல்லும். ஆனால் அது உண்மையில் நடந்திருக்க வேண்டும்.

இப்போது ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட். வெளிநாட்டில் இந்தச் சட்டத்தின் சான்றிதழைத்தான் மதிப்பார்கள் என்று ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. அது தவறு. எந்தச் சட்டத்தில் பதிந்தாலும் அரசுப் பதிவாளர் தருவது அரசுச் சான்றிதழ்தான். ஏற்கெனவே நடந்த கல்யாணத்தை 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பதியலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். மூன்று வார லீவில் அது எப்படி முடியும்?

அதைவிடப் பெரிய தடை உங்கள் உறவுமுறை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நம் ஊரில் முறை மாப்பிள்ளை, முறைப்பெண் கட்டிய எல்லாருக்கும் இது பொருந்தும். ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்டின் முதல் அட்டவணையில், யார் யாரை மணக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், சித்தி பெரியம்மா பிள்ளைகள் எல்லாரும் அதில் வருகிறார்கள். அக்கா மகளும் வருகிறாள். அதாவது தாய்மாமனைக் கட்டியவர்களுக்கும் இதே கதிதான். இந்து திருமணச் சட்டத்திலும் இப்படி ஒரு தடைப் பட்டியல் உண்டு, ஆனால் அங்கே “வழக்கம் அனுமதித்தால் தடையில்லை” என்று விலக்கு இருக்கிறது. நம் வழக்கத்தில் அத்தை மகனைக் கட்டுவது தலைமுறை தலைமுறையாக நடப்பது, ஆகவே அந்தச் சட்டத்தில் உங்கள் திருமணம் முழுக்கச் செல்லும். ஸ்பெஷல் ஆக்ட்டின் 15-ஆம் பிரிவிலோ வழக்கத்துக்கான விலக்கு, அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன் நடந்த கல்யாணங்களுக்கு மட்டும்தான். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1955 ஜனவரியில். 2022-இல் நடந்த உங்கள் கல்யாணத்துக்கு அது உதவாது. உறவைச் சொன்னால் பதிவாளர் மறுக்க வேண்டும். மறைத்தால் மறுபடியும் பொய்க் கையெழுத்து. புரோக்கருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டார். ஆக, சொந்தத்தில் கட்டியவர்கள் இந்து திருமணச் சட்டத்தை விட்டு வெளியே போகவே கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். கணவர் வருவதற்கு முன்பே பதிவுத்துறையின் இணையதளத்தில் உங்கள் சொந்த மொபைல் எண்ணில் கணக்குத் தொடங்குங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: புரோக்கரோ பிரவுசிங் சென்டரோ தங்கள் எண்ணைப் போட்டுப் பதிந்தால் ஓடிபி அவர்களுக்குப் போகும், பின்னால் நகல் எடுக்கவும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். திருமணப் பதிவு விண்ணப்பத்தில் எந்தச் சட்டம் என்று ஒரு கட்டம் கேட்கும். அங்கே இந்து திருமணச் சட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். தமிழ்நாடு சட்டத்தைத் தொட்டால் அந்த 150 நாள் வந்து மறிக்கும். கல்யாணம் நடந்த ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய அலுவலகத்திலும் பதியலாம். தாம்பரம் முகவரிக்கு அடையாளச் சான்று இருந்தால் ஊருக்கு ஓட வேண்டியதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: கல்யாணப் பத்திரிகையின் அசல், கோயிலில் கட்டிய ரசீது, தாலி கட்டும்போது எடுத்த போட்டோ, இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், சாட்சிகள், அவர்களின் அடையாள அட்டை. சாட்சிக்கு மூன்று பேரைக் கூட்டிச் செல்லுங்கள். யாராவது ஒருவர் அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வருவது வழக்கம். ஊர்க் கோயிலில் ரசீது தராவிட்டால், கோயில் நிர்வாகியிடம் இன்ன தேதியில் இங்கே திருமணம் நடந்தது என்று கையெழுத்துடன் கடிதம் வாங்குங்கள். சில அலுவலகங்களில் விஏஓ சான்றும் கேட்பார்கள். ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு பட்டியல் வைத்திருக்கிறது, இது இத்தனை வருடமாகத் தீராத தொல்லை. ஒருநாள் முன்னதாக நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வயதுக்கு ஆதாரை மட்டும் நம்பாதீர்கள். ஆதார் அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்கு அது சான்றல்ல. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று வேண்டும்.

பெயர்தான் அதிகம் பேர் சறுக்குகிற இடம். நம் ஊரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். லட்சுமி என்று முடியும் பெயரை ஒரு தாளில் எக்ஸ் போட்டும் இன்னொன்றில் கேஎஸ்எச் போட்டும் எழுதியிருப்பார்கள். துபாய்க்குப் போகிற சான்றிதழ் என்பதால் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்தையே, எழுத்துக்கு எழுத்து, விண்ணப்பத்தில் போடுங்கள். பதிவு முடிவதற்கு முன் திரையிலோ தாளிலோ விவரத்தைக் காட்டச் சொல்லி, இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் விரித்துவைத்து விரல் வைத்துப் படியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று அவசரப்படுத்துவார்கள். பரவாயில்லை, படியுங்கள். கையெழுத்தான பிறகு ஒரு எழுத்தைத் திருத்த மாதக்கணக்கில் அலைய நேரும்.

பதிவு நாளன்று இருவரும் நேரில் இருந்தே ஆக வேண்டும். கணவர் துபாயில் இருக்க நீங்கள் மட்டும் போய் முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முகூர்த்த நாளில் போகாதீர்கள், பத்திரப் பதிவுக் கூட்டத்தில் கல்யாணப் பதிவைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். லீவின் முதல் வாரத்திலேயே தேதி வாங்குங்கள்.

“இத்தனை வருடம் கழித்து முடியாது” என்று மறுத்தால், வாய்ப்பேச்சோடு திரும்ப வேண்டாம். 8-ஆம் பிரிவில் கெடு எங்கே இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டாலே பாதிப் பேர் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்கள். எழுதியும் கொடுத்தால், அதை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுங்கள்.

சான்றிதழ் வந்ததும் ஆசையாக லேமினேட் செய்துவிடாதீர்கள். அமீரகத்துக்கு அந்த அசல் தாளின் பின்னாலேயே முத்திரைகள் விழ வேண்டும், லேமினேட் செய்த தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சென்னையில் மாநில உள்துறை, பிறகு மத்திய வெளியுறவுத்துறை, பிறகு அமீரகத் தூதரகம் என்பதுதான் வரிசை. அங்கே போன பின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வேண்டும். அபோஸ்டில் (பல நாடுகள் ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொள்ளும் ஒற்றை முத்திரை) ஒன்று போதும் என்று சொல்கிறவர் வேறு நாட்டுக் கணக்கைச் சொல்கிறார், அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. வெளியுறவுத்துறைக் கட்டத்தில் மட்டும் இடையில் ஒரு நிறுவனம் வருவது முறைப்படியானது, ஏனென்றால் பொதுமக்களிடம் நேரில் வாங்காமல் தாங்கள் அங்கீகரித்த ஏஜென்சிகள் வழியாகவே வாங்குகிறார்கள். அந்த ஏஜென்சியின் பெயர் வெளியுறவுத்துறைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். அசலைக் கொடுப்பதற்கு முன் பதிவுத்துறையிலிருந்து சான்றிட்ட நகல் ஒன்று எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே முத்திரைகள் தேவைப்படும் என்பதால் இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுங்கள். அதில் உங்கள் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.